கொப்பி கடைசியில்தான்: மூன்று வயதிலிருந்து முதலாம் ஆண்டு வரை மகள்மாரை வீட்டில் படிப்பிக்கும் ஒழுங்கு

நேர்சரிக்கு அனுப்பாமல், அல்லது அனுப்ப வசதியில்லாமல், சின்ன மகள்மாரை வீட்டிலேயே படிப்பிக்கும் அம்மாமாருக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இரண்டு மகள்மார். மூத்தவளுக்கு மூன்றரை வயதிலேயே கொப்பியும் பென்சிலும் கொடுத்து ‘அ’ எழுத வைத்தேன். இரண்டு கிழமை எழுதினாள். பிறகு நாலு மாதம் கொப்பியைக் கண்டாலே அழுதாள். இளையவளுக்கு ஒழுங்கை மாற்றினேன்.

மட்டக்களப்பில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது வழக்கம் என்பதால், கல்லடியில் எங்கள் வளவைச் சுற்றி அம்மா வீடு, அக்கா வீடு எல்லாம் கூப்பிடு தூரம். அக்காவின் மகளும் எங்கள் பாயில் வந்து இருந்தாள். பிறகு பக்கத்து ஒழுங்கை அம்மாமார் சிலர் கேட்டுத் தொடங்கினார்கள். அவர்கள் தடுமாறியதும் பெரும்பாலும் நான் தடுமாறிய அதே இடங்களில்தான்.

1. முதலில் பிறந்த திகதியை எடுத்துக் கணக்குப் பாருங்கள்

இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். 14 ஆக இருந்த மேல் எல்லை 2016 இல் 16 ஆனது. ஆகவே இங்கே சொல்வது முதலாம் ஆண்டுக்கு முந்திய காலத்துக்கும், அதன் பிறகு பாடசாலை முடிந்து வந்த நேரத்தில் வீட்டில் படிப்பிப்பதற்கும் பொருந்தும். அதற்கு மேலும் முழுக்க வீட்டிலேயே வைத்திருக்க விரும்பினால் உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் நேரில் போய்ப் பேசிவிட்டு முடிவெடுங்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா என்று ஐந்து வலயங்கள் உண்டு. எது உங்களுடையது என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்வார்.

முதலாம் ஆண்டில் சேர ஜனவரி 31 அன்று பிள்ளைக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். பெப்ரவரியில் பிறந்தவள் சேரும்போது கிட்டத்தட்ட 6 வயதாகிவிடும்; ஜனவரியில் பிறந்தவளுக்கு 5 தான். உங்கள் கையில் எத்தனை மாதம் இருக்கிறது என்பது இதில்தான் தெரியும். இதைப் பார்க்காமல் தொடங்கியவர்கள்தான் பிறகு அவசரப்படுகிறார்கள்.

விண்ணப்பம் முந்திய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கொடுக்க வேண்டிவரும். பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருப்பதற்கான பிரதி, பெண்பிள்ளைகளுக்குத் தரும் இளஞ்சிவப்பு நிறச் சுகாதாரப் பதிவேடு மூன்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். 3 வயதிலும் 5 வயதிலும் போடவேண்டிய தடுப்பூசிகள் பதியப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிள்ளையின் கண்ணையும் காதையும் தொடங்க முதலே சோதிப்பித்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைச் சோம்பேறி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பார்த்தால் அவளுக்குத் தூரத்து எழுத்தே தெரியவில்லை.

2. சாமான்கள்

கடையில் வாங்க வேண்டியது குறைவு. ஒரு பாய், இரண்டு சிலேட், வெண்கட்டி, தடித்த மெழுகுக் கலர், முனை மழுங்கிய கத்தரிக்கோல், பசை. மெழுகுக் கலரை வாங்கியதும் பாதியாக உடைத்துவிடுங்கள். நீளமாக இருந்தால் பிள்ளை முழுக்கையால் பொத்திப் பிடிக்கும். துண்டாக இருந்தால் விரல் நுனியால் பிடிப்பதைத் தவிர வேறு வழி அதற்கு இல்லை.

வீட்டில் தேட வேண்டியவை: கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை 100, சுளகு, பழைய அலுமினியத் தட்டம் ஒன்று, அதில் ஒரு விரல் தடிப்புக்குக் கடல் மணல். மணலை அரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவையுங்கள். உப்பு இருந்தால் விரலில் பிசுபிசுக்கும், பிள்ளை கையை எடுத்துவிடும். 30 முட்டை வைக்கும் அட்டையிலிருந்து ஐந்து குழி கொண்ட இரண்டு வரிசையை வெட்டி எடுங்கள். கணக்குக்கு அது வேண்டும். பால்மாப் பெட்டிகளை உள்ளங்கை அளவு வெட்டினால் எழுத்து அட்டைகள்.

பயிற்சிப் புத்தகங்களை இப்போது வாங்க வேண்டாம். முதலாம் ஆண்டுப் பாடநூலைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். எடுத்து நீங்கள் வாசியுங்கள், மகளுக்குக் காட்டாதீர்கள். பாடசாலையில் புதுப் புத்தகம் கையில் கிடைக்கும் சந்தோசத்தை அவளுக்கு மிச்சம் வையுங்கள். கதைப் புத்தகங்களுக்கு மட்டக்களப்புப் பொது நூலகத்தையோ உங்கள் பிரதேச சபை நூலகத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள்.

3. நாளில் ஒரு முளை அடியுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை பாடசாலை போல நேரசூசி எழுதி குசினிச் சுவரில் ஒட்டுகிறார்கள். மூன்றாம் நாளே அது குழம்பிவிடும். மீன்காரர் கோர்ன் அடிப்பார், தண்ணீர் நிற்கும், சின்னவள் வயிற்றோட்டத்தோடு எழும்புவாள்.

மணிக்கூட்டைப் பார்க்காமல், நாளும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு பாடத்தைக் கட்டுங்கள். எங்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்ததும் பாய் விரியும். அது எட்டரையாகவும் இருக்கும், ஒன்பதே காலாகவும் இருக்கும். ஒழுங்கு மாறாததால் மகள்மார் தாங்களே பாயை இழுத்துக்கொண்டு வருவார்கள். மதரசாவுக்கோ அறநெறிப் பாடசாலைக்கோ போகும் பிள்ளைகள் என்றால் அந்த நேரத்தோடு மோதாத இடத்தில் முளையை அடியுங்கள்.

பத்து மணிக்கு முன் முடித்துவிட வேண்டும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதற்குப் பிறகு விறாந்தையில் இருக்க முடியாது. தகரக் கூரை என்றால் இன்னும் முன்பே.

பாயில் இருக்கும் நேரம் 3 வயதுக்குப் பத்து நிமிசம், 4 வயதுக்குப் பதினைந்து, 5 வயதுக்கு இருபது. இவ்வளவுதானா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மிச்சப் படிப்பெல்லாம் குசினியிலும் கிணற்றடியிலும் நடக்கிறது. பிள்ளை களைப்பதற்கு ஒரு நிமிசம் முந்தியே நிறுத்துங்கள். “இன்னொருக்கா அம்மா” என்று கேட்டால் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். நாளைக்கு அவளைப் பாய்க்குக் கொண்டுவரப்போவது அந்தக் கேள்வி.

இரண்டாவது முளை பின்னேரம்: நித்திரையால் எழும்பி, தேத்தண்ணி குடித்து, ஒரு கதை. நித்திரையைப் பாடத்துக்காக வெட்டாதீர்கள். 3, 4 வயதுப் பிள்ளைக்குப் பகல் நித்திரையோடு சேர்த்து 10 முதல் 13 மணித்தியாலம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குறைந்த நித்திரையோடு வரும் பிள்ளைக்கு நேற்றுப் படித்ததும் நினைவில் நிற்காது.

இதைத் தொடங்க முதல் அம்மம்மாவோடு பேசி வையுங்கள். “நாலு வயசாகுது, இன்னும் ஒரு எழுத்தும் எழுதத் தெரியாதா?” என்று அவர் ஒரு நாள் பிள்ளைக்கு முன்னால் கேட்டுவிட்டால், ஒரு மாத வேலை பின்னால் போகும். என் அம்மாவிடம் ஒழுங்கை முழுக்க விளக்கி, கதை சொல்லும் பொறுப்பை அவருக்கே கொடுத்தேன். அதன் பிறகு கேட்பவர்களுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார்.

4. காது: முதல் மூன்று மாதம்

எழுத்து என்பது ஒலிக்குப் போட்ட அடையாளம். ஒலியையே பிரித்துக் கேட்கத் தெரியாத பிள்ளைக்கு அடையாளத்தைக் காட்டினால் அது வெறும் கோடு. அதனால் முதல் மூன்று மாதம் எழுத்தே கிடையாது.

பெயரைக் கைதட்டிப் பிரியுங்கள். “அம்-மா” இரண்டு தட்டு, “தாத்-தா” இரண்டு, “அம்-மம்-மா” மூன்று. வீட்டில் உள்ள எல்லோரின் பெயரையும் தட்டி முடித்த பிறகு சாமான்களுக்குப் போங்கள்.

அடுத்தது முதல் ஒலி. “மா-வில தொடங்கிற சாமான் என்ன இருக்கு?” என்று கேட்டால் மாங்காய், மாடு, மாலை என்று வரும். ஒரு கிழமைக்கு ஓர் ஒலி போதும். துணி மடிக்கும்போது கேட்கலாம், பஸ்ஸில் கேட்கலாம். பிறகு கடைசி ஒலி: கல், பல், கால், பால் எல்லாம் எங்கே போய் முடிகிறது? இது கொஞ்சம் கடினம். 4 வயதுக்கு முன் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

கதை சொல்லும்போது ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். சலிக்காமல் சொல்லுங்கள். பத்தாவது தடவை நடுவில் நிறுத்தி “மறுகா என்ன நடந்தது மகள்?” என்று கேளுங்கள். அவள் தொடர்ந்து சொல்வதுதான் அவளுடைய முதல் கட்டுரை. என் கணவர் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். மகள் சொல்லும் கதையைத் தொலைபேசியில் குரலாகப் பதிந்து அவருக்கு அனுப்புவோம். இரவு அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்காகவே அடுத்த நாள் கதையை விளக்கமாகச் சொல்லப் பழகினாள்.

இந்த மூன்று மாதமும் நேராகப் பேசுங்கள், மழலையில் திருப்பிச் சொல்லாதீர்கள். அவள் “தண்ணி தா” என்பதைப் பிழை என்று சொல்ல வேண்டாம். “தண்ணீர் வேணுமா, இந்தாங்க” என்று சரியான சொல்லை உங்கள் பதிலில் வையுங்கள்.

5. கை: காதோடு சேர்த்து

காதைப் பழக்கும் அதே மாதங்களில் கையையும் பழக்க வேண்டும். பென்சிலைப் பிடிக்க விரலில் பலம் வேண்டும். அந்தப் பலம் பென்சிலால் வராது.

சின்ன வெங்காயம் உரிப்பது, பிட்டுக்கு மாக் குழைப்பது, கச்சான் கடலைக் கோது உடைப்பது, சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவது, துணிக் கொடியில் கிளிப் போடுவது. தென்னோலை கிடைத்தால் நாலைந்து ஈர்க்கை வைத்துக் கிடுகு பின்னுவது போல மேலும் கீழும் கோர்க்க விடுங்கள். கொக்கான் விளையாட்டும் நல்லது. எறிந்து பிடிக்கும் விரல்கள் பிறகு பென்சிலை நன்றாகப் பிடிக்கும்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். பெண்பிள்ளை என்பதால் இந்தக் குசினி வேலைகள் விரல் பயிற்சியிலிருந்து நழுவி வீட்டு வேலையாகிவிடக் கூடாது. ஒரு கைப்பிடி வெங்காயம் உரித்தால் போதும். அரைக் கிலோவை முன்னால் வைத்தால் அது வேறு விசயம். வளவில் ஆண்பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சுளகுக்கு முன்னால் இருத்துங்கள்.

மணல் தட்டத்தில் விரலால் நிற்கும் கோடு, கிடக்கும் கோடு, சாய்ந்த கோடு, வட்டம், அரைவட்டம். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற திசையை இங்கேயே பழக்கிவிட்டால் பிறகு திருத்த வேண்டியதில்லை.

இடது கையால் கீறினால் மாற்றாதீர்கள். சாப்பாட்டுக்கு வலது கை என்று பழக்குங்கள், பென்சில் அவள் எடுத்த கையிலேயே இருக்கட்டும். அடித்து மாற்றிய பிள்ளை எழுதுவதையே வெறுத்ததை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

6. எழுத்து: ‘அ’வில் தொடங்காதீர்கள்

விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது அரிசியில் ‘அ’ எழுதுவோம். அது சடங்கு, அதன்படியே செய்யுங்கள். பிழை அடுத்த நாள் காலையில் வருகிறது. சடங்கு முடிந்துவிட்டதே என்று கொப்பியில் அ, ஆ, இ, ஈ எழுத வைக்கிறோம். தமிழில் கீறுவதற்கே கடினமான எழுத்துகளில் முன்வரிசை இவைதான். சுழி, வளைவு, மேல்கோடு எல்லாம் ஒரே எழுத்தில். ஆறு மாதம் சுழியைத் திருத்துவதிலேயே போய்விடும், பிள்ளைக்கு ஒரு சொல்லும் வாசிக்கத் தெரிந்திருக்காது.

மூன்று எழுத்தோடு தொடங்குங்கள்: ட, ப, ம. ட இரண்டு கோடு. ப மூன்று கோடு. ம, ப-வோடு ஒரு சின்ன வளைவு. முதல் கிழமை அட்டையைக் காட்டி ஒலியை மட்டும் சொல்லுங்கள். ‘ம’ என்றால் ‘ம’. “மானா”, “டானா” என்று பெயர் சொல்லிக் கொடுத்தால் சொல்லைக் கூட்டும்போது “பானா டானா” என்று வந்து குழம்பும். இரண்டாவது கிழமை புள்ளியைக் காட்டுங்கள். புள்ளி வைத்தால் வாய் மூடும்: ம, ம். இப்போது மூன்று அட்டையை வரிசையாக வையுங்கள்: படம். அடுத்து மடம், பட்டம், மட்டம். கச்சான் காற்றில் பட்டம் ஏறும் நாட்களில் இதைப் படிப்பித்தேன். ‘பட்டம்’ என்ற அட்டையை வாசித்துவிட்டு வானத்தைப் பார்த்தாள் என் இளைய மகள்.

அதன் பிறகு ஒரு கிழமைக்கு ஓர் எழுத்து. ஒவ்வொன்றும் வந்ததும் அதனால் எத்தனை புதுச் சொல் கிடைக்கிறது என்று பார்த்துத்தான் ஒழுங்கை வைத்தேன்.

ர வந்தால் மரம், ரம்பம். கால் (ா) வந்தால் பாடம், மாமா, பாப்பா. க வந்தால் காகம், காரம், பக்கம். ல வந்தால் பால், கால், கல், பல், கடல், கப்பல், பலகாரம். இத்தனைக்கும் பிறகுதான் ‘அ’. அது வந்த அன்றே அம்மா, அப்பா, அக்கா, அப்பம் நாலும் கிடைக்கும். இந்த இடத்தில் பிள்ளை துள்ளும். அதற்காகவே ‘அ’வைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

அடுத்து த, ச, வ, ய. பிறகு ி, ீ என்ற விசிறிகள். அவற்றுக்குப் பிறகு கொம்புகள்: ெ, ே, ை. இங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒரு தடவை விழும். கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலம் வாசிக்கப் பழகிய பிள்ளை கொம்பை முதலில் வாசிக்கப் பார்க்கும். கொம்பைச் சுண்டு விரலால் மறைத்துவிட்டு ‘க’ என்று சொல்ல விடுங்கள். பிறகு விரலை எடுத்து ‘கெ’. ஒரு கிழமையில் விரல் தேவைப்படாது. ொ, ோ இதன் பிறகு; முன்னும் பின்னும் இரண்டு அடையாளம் என்பதால்.

ு, ூ கடைசியில். மற்ற அடையாளங்கள் எந்த எழுத்தோடு சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே உருவில் இருக்கும். உகரம் மட்டும் கு, சு, டு, து, பு, மு, ரு என்று எழுத்துக்கு எழுத்து மாறும். இவற்றைத் தனித்தனியாகத்தான் நினைவில் வைக்க வேண்டும். சொல்லோடு சேர்த்துக் கொடுங்கள்: பிட்டு, மாடு, பசு, காது.

ந, ன, ண மூன்றையும் ஒரே கிழமையில் காட்டாதீர்கள். ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும் அப்படியே. ஒன்று நன்றாக ஊறி இரண்டு மாதம் கழிந்த பிறகு மற்றது. ஒன்றாகக் காட்டினால் வித்தியாசம் புரியும் என்று நினைக்கிறோம், பிள்ளை இரண்டையும் சேர்த்து மறக்கிறது.

247 எழுத்துள்ள அட்டவணையைச் சுவரில் மாட்டிப் பாடமாக்கச் செய்வது இந்த ஒழுங்குக்குள் எங்கேயும் வராது. எல்லா எழுத்தும் தெரிந்த பிறகு, 6 வயதில், அட்டவணையைக் காட்டினால் “ஓ, இப்படி அடுக்கியிருக்காங்களா?” என்று அவளே ரசிப்பாள்.

எழுதுவது எப்போது? வாசித்து இரண்டு மாதம் கழித்து, வாசிக்கத் தெரிந்த எழுத்தை மட்டும். முதலில் மணலில் விரல், பிறகு சிலேட்டில் வெண்கட்டி, பிறகு கோடு போடாத கடதாசியில் மெழுகுக் கலர். கோடு போட்ட கொப்பியும் பென்சிலும் கடைசியில், பெரும்பாலும் 5 வயதை அண்டி. சிலேட் அழிந்துவிடும் என்பதால் பிழைக்குப் பயம் இல்லை. கொப்பியில் பிழை அப்படியே இருந்து முறைக்கும். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போல் மறுபக்கமாக எழுதினால் பதறாதீர்கள். 6, 7 வயது வரை அது பல பிள்ளைகளிடம் உள்ளது. பக்கத்தில் சரியாக எழுதிக் காட்டிவிட்டு விட்டுவிடுங்கள்.

ஆங்கில எழுத்தை இதே மாதங்களில் தொடங்க வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா இரண்டையும் சேர்த்துத் தொடங்கினார். ‘ட’வும் ஆங்கில ‘எல்’லும், ‘ப’வும் ஆங்கில ‘யூ’வும் ஒரே உருவம் என்பதால் பிள்ளை ‘படம்’ என்ற சொல்லில் திகைத்து நின்றது. ஆங்கிலம் வாயால் மட்டும்: நிறம், பழம், உடம்பு, வணக்கம் சொல்வது. தமிழ் வாசிப்பு ஓடத் தொடங்கிய பிறகு அந்த எழுத்து ஒரு மாதத்தில் வரும்.

7. எண்: சொல்லுக்கு முன் பொருள்

ஒன்று முதல் நூறு வரை ஒப்புவிக்கும் பிள்ளையிடம் “ஏழு புளியங்கொட்டை தாங்க மகள்” என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் ஒரு பிடி அள்ளித் தரும். பாட்டாக ஒப்புவிப்பது வேறு, எண்ணுவது வேறு.

ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று தொட்டு நகர்த்தி எண்ணப் பழக்குங்கள். நகர்த்துவது முக்கியம், தொட்டால் மட்டும் போதாது, ஒன்றையே இரண்டு தடவை எண்ணிவிடும். சாப்பாட்டு நேரம் இதற்கு நல்ல இடம்: “எத்தனை பேர் சாப்பிடுறோம்? அத்தனை கோப்பை வைங்க.” சூடை மீன் வாங்கிய நாளில் சட்டிக்குள் போட முன் எண்ணலாம். சோற்றுக்கு அரிசி அளக்கும்போது சுண்டு எத்தனை என்று அவளே சொல்லட்டும்.

பிறகு முட்டை அட்டை. ஐந்து குழியில் ஐந்து கொட்டை; எண்ணாமலே ஐந்து என்று கண்ணுக்குத் தெரியும்வரை விளையாடுங்கள். ஆறு என்றால் ஒரு வரிசை நிரம்பி அடுத்ததில் ஒன்று. பத்து என்றால் முழு அட்டையும். 8-இல் எத்தனை குழி காலி என்று கேட்டால் கழித்தல் தானே வந்துவிடும், அந்தச் சொல்லைச் சொல்லத் தேவையில்லை. இந்தப் பத்து உறுதியாகும்வரை 20-க்குப் போகாதீர்கள். எனக்கு இதற்கு ஐந்து மாதம் எடுத்தது.

தமிழில் ஒன்பதுகள் பிள்ளையைத் தடுமாற வைக்கும். எழுபது, எண்பது என்று வந்த பிள்ளை ‘ஒன்பது’ என்ற சொல் 9-க்கு இருக்கும்போது 90-க்கு ‘தொண்ணூறு’ ஏன் என்று திகைக்கும். அதைத் தனியாக, பத்துப் பத்துக் கொட்டைக் குவியல்களாக ஒன்பது வைத்துக் காட்டுங்கள். ஒப்புவித்தலில் இதைத் திருத்தவே முடியாது.

கடைக்குப் போகும்போது பத்து ரூபாய்க் குற்றிகளை அவளிடமே கொடுத்து எண்ணி வைக்கச் சொல்லுங்கள். பின்னால் ஆட்கள் நிற்காத நேரம் பார்த்துப் போங்கள், அவசரப்படுத்தினால் அவள் உங்களிடமே திருப்பித் தந்துவிடுவாள்.

8. வெவ்வேறு வயதில் இரண்டு பேர்

மூத்தவளுக்குப் பாடம் நடக்கும்போது இளையவள் சிலேட்டைப் பறிப்பாள். இதனாலேயே நிறுத்தியவர்கள் உண்டு.

சின்னவளுக்கு முதலில் கொடுங்கள். பத்து நிமிசம் முழுக்க அவளோடு. மடி நிறைந்த பிள்ளை பிறகு மணல் தட்டத்தோடு தனியாக இருக்கும். பெரியவளை முதலில் எடுத்தால் சின்னவள் முழு நேரமும் உங்களை இழுத்துக்கொண்டே இருப்பாள். மணல் தட்டத்தைப் பாட நேரத்துக்கு மட்டும் வெளியே எடுங்கள், நாள் முழுக்கக் கிடந்தால் அதற்கு மதிப்பு இல்லை.

பெரியவளைச் சின்னவளுக்கு ரீச்சர் ஆக்காதீர்கள். சில நாள் விளையாட்டாகச் செய்யட்டும். பொறுப்பாகக் கொடுத்தால் பெரியவள் அதட்டுவாள், சின்னவள் அக்காவைக் கண்டு ஒளிப்பாள். இருவரையும் ஒப்பிட்டு ஒரு சொல்லும் வேண்டாம். வளவுக்குள் மச்சாள் பிள்ளை, பெரியம்மா பிள்ளை என்று ஒப்பிடுவதற்கு ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

9. வெளியே

நாளும் ஒரு தடவை வளவை விட்டு வெளியே போங்கள். 3, 4 வயதுக்கு ஒரு நாளில் மொத்தம் மூன்று மணித்தியாலம் உடம்பு அசைய வேண்டும். காலை வெயில் ஏற முன் கடற்கரை, பின்னேரம் வாவிக்கரை. நண்டு வளை, கொக்கு, தோணி, வலை. பெயரைச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த பொருள்தான் அவளுடைய கதைக்குள் வரும். வாவிக்கு மேற்கே வயல்கள் உள்ள படுவான்கரைப் பக்கம் உறவுகள் இருந்தால் விதைப்புக்கு ஒரு தடவை, வெட்டுக்கு ஒரு தடவை கூட்டிப் போங்கள். ஒரே வயலை இரண்டு தடவை பார்ப்பதில்தான் மாதங்கள் புரியும்.

மாரி மழைக்கு முன்னாலேயே சட்டத்தைச் சொல்லி வையுங்கள்: கடல், வாவி, கிணற்றுக்கட்டு, தேங்கிய வெள்ளம் நாலுக்கும் பெரியவர் கையைப் பிடிக்காமல் போகக் கூடாது. இதற்கு விதிவிலக்குக் கொடுக்காதீர்கள். மழை நாட்களில் பாயை அறைக்குள் எடுத்து, சிரட்டையிலும் பழைய ரின்னிலும் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று மழை விட்டதும் மகள்மாரோடு சேர்ந்து தேடிக் கவிழ்ப்போம். டெங்கு நுளம்பைப் பற்றி அவர்கள் படித்தது அப்படித்தான்.

10. உடம்பும் பாதுகாப்பும்

பெண்பிள்ளைகளின் அம்மாமார் இதைத் தள்ளிப்போடுகிறார்கள், வெட்கத்தால். 3 வயதிலேயே குளிக்க வார்க்கும்போது சொல்லலாம்: உள்ளாடை மறைக்கும் இடத்தை வேறு யாரும் தொடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. வைத்தியர் பார்த்தாலும் அம்மா பக்கத்தில் நிற்பேன். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று யாராவது சொன்னால் அதை உடனே வந்து சொல்ல வேண்டும்.

மாமா, பெரியப்பா யாராக இருந்தாலும் மடியில் இருக்கவோ முத்தம் கொடுக்கவோ கட்டாயப்படுத்தாதீர்கள். வீட்டிலேயே “வேணாம்” என்று சொல்ல விடாத பிள்ளை வெளியிலும் சொல்லாது. பிள்ளை ஏதாவது சொன்னால் அதட்டாமல் முழுக்கக் கேளுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

அம்மா அப்பாவின் முழுப் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம் மூன்றையும் பாட்டாக்கிக் கொடுங்கள். திருவிழாக் கூட்டத்தில் அது உதவும்.

11. தொலைபேசி

இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், குறைந்தால் நல்லது. எழுத்துப் பாட்டு வீடியோக்களால் பிள்ளை எழுத்துப் படிக்கிறது என்று நினைக்கிறோம். பாட்டை நிறுத்திவிட்டு அட்டையைக் காட்டிப் பாருங்கள். சமைக்கும் நேரத்தில் தொலைபேசி கொடுக்கும் பழக்கம் இருந்தால், அந்த நேரத்துக்கு வெங்காயமும் சுளகும் போதும்.

12. ஒரு சின்னப் பதிவும், விடுமுறையும்

ஒரு கொப்பி உங்களுக்கு. நாளுக்கு ஒரு வரி: திகதி, என்ன செய்தோம், எங்கே தடுமாறினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு வாசித்தால்தான் முன்னேற்றம் தெரியும். நாளும் பக்கத்தில் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. பாடசாலையில் ரீச்சர் கேட்டால் சொல்லவும் உதவும்.

காய்ச்சல், கோயில் சடங்கு, வீட்டில் சாவு, உங்களுக்கே முடியாத நாள்: நிறுத்திவிடுங்கள். அடுத்த நாள் விட்ட இடத்துக்கு இரண்டு அடி பின்னால், அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குங்கள். விட்ட நாளைப் பிடிக்க இரட்டைப் பாடம் வைத்தவர்கள் ஒரு கிழமையில் மறுபடி நிறுத்தினார்கள்.

13. முதலாம் ஆண்டுக்கு முந்திய மூன்று மாதம்

புது எழுத்தை நிறுத்துங்கள். இப்போது தேவையானது வேறு: சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறந்து மூட, போத்தல் மூடியைத் திருக, பொத்தான் போட, சப்பாத்து வாரைக் கட்ட, கழிவறைக்குப் போய்க் கழுவிக்கொண்டு வர. பெட்டியைத் திறக்க முடியாமல் பசியோடு வந்த பிள்ளையை எனக்குத் தெரியும். வாசிப்பில் அவள் முதல் ஆள்.

தெரியாத பெரியவரிடம் தேவையைச் சொல்லப் பழக்குங்கள். கடையில், நூலகத்தில், பஸ்ஸில் அவளே கேட்கட்டும். வீட்டிலேயே வளர்ந்த பிள்ளைக்கு இதுதான் மிகப் பெரிய தடை. “ரீச்சர், எனக்குத் தண்ணி வேணும்” என்பதை விளையாட்டாக நூறு தடவை சொல்லிப் பாருங்கள். வேறு பிள்ளைகளோடு வரிசையில் நிற்கவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும் வளவுப் பிள்ளைகளைக் கூட்டி விளையாட விடுங்கள்.

அங்கே ‘அ’விலிருந்து தொடங்குவார்கள், தெரிந்ததையே திரும்பப் படிப்பாள். “எனக்குத் தெரியும்” என்று வந்து சொன்னால், ரீச்சருக்குக் குறுக்கே பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். பையில் ஒரு கதைப் புத்தகம் வைத்துவிடலாமா என்று ரீச்சரிடம் நீங்களே மரியாதையாகக் கேளுங்கள். ரியூசன் வகுப்புக்கு இப்போது அனுப்ப வேண்டாம்.

பாடசாலை தொடங்கிய முதல் ஆறு கிழமைக்கு வீட்டில் பாடமே வேண்டாம். சீருடையைக் கழற்றியதும் சோறு, நித்திரை, கதை. ஏழாவது கிழமையில் பாயை மறுபடி விரிக்கலாம், இந்த முறை பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு, இருபது நிமிசம்.